மழையில் ஓடும் பந்தயக் காரும் எங்கள் ஊர் மீன் வண்டியும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, ஜெகதாப்பட்டினம் மாணவி)

மோட்டார் பந்தயத்துக்கும் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் வகுப்பிலேயே பலர் கேட்டார்கள். "உனக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லையா? கடலைப் பற்றி எழுதேன்" என்றார்கள். கடலைப் பற்றி எங்கள் ஊரிலிருந்து வந்து படிக்கும் மாணவிகள் பலமுறை எழுதிவிட்டார்கள். இந்த ஆண்டு மலருக்கு நாங்கள் டயரைப் பற்றி எழுதுகிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஜெகதாப்பட்டினம் பாக் நீரிணைக் கரையில் அமைந்த மீன்பிடி ஊர். புதுக்கோட்டை மாவட்டத்தில் விசைப்படகுகள் நிற்கும் தளங்கள் இரண்டு. ஒன்று எங்கள் ஊர், மற்றொன்று அருகிலுள்ள கோட்டைப்பட்டினம். படகு கரை சேர்ந்ததும் மீனும் நண்டும் இறாலும் ஏலம் போய், ஐஸ் போட்ட பெட்டிகளில் அடைபட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வெளியூர்களுக்குச் செல்லும். அந்தப் பெட்டிகளை ஏற்றிச் செல்வதுதான் எங்கள் அப்பாவின் தொழில். சொந்தமாக ஒரு சிறிய நாலு சக்கர வண்டி வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் படகுக்கும் வேலை இல்லை, வண்டிக்கும் வேலை இல்லை. வண்டிக் கடனின் தவணைக்கு மட்டும் தடைக்காலம் கிடையாது. ஆகையால் தேய்ந்த டயரை மாற்றுவது, ஆடி போகட்டும், ஆவணி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது.

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு, மீமிசலைத் தாண்டிச் சாலை சற்றுத் தாழ்ந்து கிடக்கும் ஓரிடத்தில், எங்கள் வண்டி சாலையை விட்டு விலகிக் கருவேலம் புதருக்குள் போய் நின்றது. அப்பாவுக்கு இடது கை முறிந்தது. வேறொன்றும் ஆகவில்லை, ஆண்டவர் காத்தார். பெட்டிகள் உடைந்து, நண்டும் ஐஸும் பள்ளத்துத் தண்ணீரில் சிதறின. உயிரோடிருந்த நண்டுகள் சில தப்பித்துக்கொண்டன என்று தம்பி சொல்லிச் சிரித்தான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார்கள்.

அப்பா சொன்னது எங்கள் மனத்தில் அப்படியே நிற்கிறது. "பிரேக்கை மிதிச்சேன், கேக்கல. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அதுவும் கேக்கல. வண்டி தோணி மாதிரி மெதந்து போச்சும்மா."

விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பியதும் விஞ்ஞான ஆசிரியை சிஸ்டரிடம் இதைச் சொன்னோம். அவர்கள் ஆறுதல் கூறிவிட்டு, சிறிது நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டார்கள். "தண்ணீரில் மிதக்க வேண்டியது படகு. சாலையில் ஒரு டன் எடையுள்ள வண்டி எப்படி மிதக்கும்? கண்டுபிடியுங்கள். மழையில் டயரைப் பற்றி அதிகமாகக் கவலைப்படுகிறவர்கள் பந்தயக்காரர்கள், அவர்களிடமிருந்து தொடங்குங்கள்" என்றார்கள். நாங்கள் மூன்று தோழியர் சேர்ந்து படித்ததும் அளந்து பார்த்ததும்தான் இக்கட்டுரை.

முதலில் ஒரு சிறிய சோதனை. நம் பள்ளித் தாழ்வாரத்தின் சிமெண்டுத் தரை மழை நாளில் எப்படி வழுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்களில் ஒருத்தியின் ரப்பர் செருப்பு புதியது. அடியில் வரிவரியாகப் பள்ளம் இருந்தது. இன்னொருத்தியுடையது இரண்டு வருடம் உழைத்து வழுவழுவென்று ஆகிவிட்டது. காய்ந்த தரையில் இரண்டையும் ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தோம். வித்தியாசம் தெரியவில்லை. ஒருமுறை தேய்ந்த செருப்பே சற்றுக் கூடுதலாகப் பிடித்தது! தண்ணீரை ஊற்றிவிட்டு இழுத்தபோது தேய்ந்த செருப்பு கையோடு வந்துவிட்டது. புதியது முரண்டு பிடித்தது.

ஆக, பள்ளங்கள் பிடிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. பிடிப்பது ரப்பர்தான். ரப்பருக்கும் தரைக்கும் நடுவில் புகுந்த தண்ணீர் வெளியேறுவதற்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பதே பள்ளங்களின் வேலை. வயலில் வடிகால் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். பந்தயக் கார்கள் காய்ந்த தடத்தில் ஏன் மொட்டை டயர் போட்டு ஓடுகின்றன என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. தண்ணீர் இல்லாதபோது வாய்க்கால் எதற்கு? பள்ளம் இருக்குமிடத்தில் ரப்பர் தரையைத் தொடுவதில்லை. அந்த இடம் வீண். 1970களின் தொடக்கத்திலிருந்து பெரிய பந்தயங்களில் வரியே இல்லாத டயர்கள் வழக்கத்துக்கு வந்தன. ஸ்லிக் என்பது அவற்றின் பெயர். எங்கள் ஊரில் 'மொட்டை டயர்' என்று சொன்னால் ஏளனம். பந்தயத் திடலில் அதுவே மிக விலையுயர்ந்த டயர்!

இப்போது ஒரு கணக்கு. கணித ஆசிரியை திருத்திக் கொடுத்தது. ஆகவே தவறு இருக்காது என்று நம்புகிறோம். டயரின் அகலம் 16 செ.மீ. சாலையில் 3 மி.மீ. தண்ணீர் நிற்கிறது. வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது, அதாவது விநாடிக்குச் சுமார் 22 மீட்டர். அப்படியானால் அந்த ஒரு டயரின் வழியில் ஒரு விநாடியில் குறுக்கிடும் தண்ணீர் 0.16 × 0.003 × 22 கன மீட்டர். சுமார் பத்தரை லிட்டர். நாம் குழாயடியில் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் கொள்ளும். ஒன்றரை விநாடிக்கு ஒரு குடம் தண்ணீரை ஒவ்வொரு டயரும் அள்ளி வெளியே கொட்ட வேண்டும் என்று அர்த்தம். பள்ளம் இருந்தால் கொட்டும். தேய்ந்த டயர் எங்கே கொட்டும்?

வெளியேற முடியாத தண்ணீர் டயரின் முன்பக்கத்தில் குவிந்து, ஆப்பு அடிப்பது போல அடியில் நுழைகிறது. டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். மெதுவாகப் போகும்போது அந்த உள்ளங்கையின் முன் ஓரத்தில் மட்டும் தண்ணீர் இருக்கும்; நடுவில் மெல்லிய ஈரப்படலம்; பின்பகுதி தரையைப் பற்றியிருக்கும். வேகம் கூடக் கூட முன் ஓரத்துத் தண்ணீர் பின்னுக்குப் பரவும். முழுவதும் பரவிய கணத்தில் டயர் தரையில் இல்லை, தண்ணீரின் மேல் இருக்கிறது. அப்போது பிரேக் சக்கரத்தை நிறுத்தும், வண்டியை நிறுத்தாது. அப்பா சொன்ன 'தோணி' வெறும் உவமை அல்ல, நடந்ததே அதுதான்.

எவ்வளவு வேகத்தில் மிதக்கும் என்பதை விமானச் சக்கரங்களை வைத்து அமெரிக்காவின் நாஸா நிறுவனத்து ஆய்வாளர்கள் வால்டர் ஹோர்ன், ராபர்ட் டிரெஹர் ஆகிய இருவரும் ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார்கள். ஓடுதளத்தில் மழைநீர் நிற்கும்போது விமானங்கள் நிற்காமல் வழுக்கி ஓடியதே அவர்கள் இதில் இறங்கக் காரணம். அவர்கள் கண்ட விதி மிக எளியது. டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் பவுண்டுக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் மைல் கணக்கில் கிடைக்கும். டயரின் பள்ளத்தை விட ஆழமாகத் தண்ணீர் நிற்கும் இடங்களுக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். காற்று 36 பவுண்டு என்றால் வர்க்கமூலம் 6. வேகம் மணிக்கு 100 கி.மீ. 25 பவுண்டு என்றால் வர்க்கமூலம் 5; வேகம் 83 கி.மீ. தான்.

இதைப் படித்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் விபத்துக்குப் பிறகு மெக்கானிக் அண்ணன் அளந்தபோது எங்கள் வண்டியின் முன் டயர் ஒன்றில் 22 பவுண்டுதான் காற்று இருந்தது. கணக்குப் போட்டோம், 78 கி.மீ. வந்தது. "எழுபது, எண்பதுல போயிருப்பேன்" என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்கள்.

காற்று குறைந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது, அது அலட்சியம் அல்ல. கடற்கரை மணலில் வண்டியை இறக்குகிறவர்கள் டயரில் காற்றைக் குறைப்பது வழக்கம். காற்றுக் குறைந்தால் டயர் பரந்து படியும், மணலில் புதையாது. அதே வழக்கத்தில், மழைக்கும் காற்றைக் குறைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். தண்ணீருக்கு அது நேர் எதிர். காற்றுக் குறைந்த டயர் நடுவில் குழிந்து, பள்ளங்களும் நெருங்கி மூடிக்கொண்டு, தண்ணீரை வெளியே விடாமல் தேக்கும். ஆழமாகத் தண்ணீர் நிற்கும் தடத்தில் பந்தயக்காரர்கள் சற்றுக் கூடுதலாகவே காற்று வைப்பது இதனால்தான்.

இனிப் பந்தயக்காரர்களிடம் வருவோம்.

நம் தமிழ்நாட்டில் கார் பந்தயம் என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருவது சோழவரம். சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் நடக்கும். சென்னையில் பிப்ரவரியில் மழை அபூர்வம். ஆகவே அங்கே மழை டயருக்கு அதிக வேலை இருந்திருக்காது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள தனிப் பந்தயத் தடம் வந்தது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் இன்னொரு தடம் இருக்கிறது. மாருதி 800 காரின் இன்ஜினை வைத்து, குறைந்த செலவில் ஓர் ஆள் அமரும் பந்தயக் காரை வடிவமைத்துப் பல இளைஞர்களுக்கு வழிகாட்டிய கரிவரதன் பெயரில் அது 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று வழங்குகிறது. கோயம்புத்தூரில் 1977இல் பிறந்த நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான். சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா என்ற பெண் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பந்தயம் ஓட்டியவர். அவருடைய தந்தையும் பந்தய வீரர். இதை வகுப்பில் படித்தபோது கைதட்டல் எழுந்தது என்பதையும் பதிவு செய்கிறோம்.

இத்தகைய தடங்களில் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் பந்தயத்தால் பிழைப்பவர்கள் அல்லர். வாரமெல்லாம் தங்கள் தொழிலைப் பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் சொந்தப் பணம் போட்டு ஓட்டும் அமெச்சூர்கள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஃபார்முலா 1 பந்தயத்தில், மழை வந்தால் கார் உள்ளே வரும். பத்திருபது பேர் சூழ்ந்து இரண்டு மூன்று விநாடியில் நான்கு டயரையும் மாற்றிவிடுவார்கள். அமெச்சூருக்கு அது முடியாது. அவருடன் ஒரு மெக்கானிக்கும் ஒரு நண்பரும் இருந்தால் அதிகம். பந்தயமோ பத்துச் சுற்று, இருபது நிமிடம். நடுவில் டயர் மாற்ற வந்தால் பந்தயமே முடிந்துபோகும். ஆகையால் கொடி அசைவதற்கு முன்பு எந்த டயரை மாட்டினாரோ அதுதான் கடைசி வரைக்கும்.

அந்தக் கால் மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். வானம் கறுத்திருக்கிறது. தடம் இன்னும் காய்ந்திருக்கிறது. மொட்டை டயரை மாட்டினால் மழை வந்ததும் ஆபத்து. மழை டயரை மாட்டி மழை வராவிட்டால்? மழை டயரின் ரப்பர் மிருதுவானது. குளிர்ந்த ஈரத் தடத்திலும் பிடிப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். காய்ந்த தடத்தில் அது சூடேறி, ஓரிரு சுற்றுகளிலேயே குழைந்து பிய்ந்துவிடும். தடம் காயத் தொடங்கும்போது மழை டயரில் இருக்கிறவர்கள் வேண்டுமென்றே தேங்கிய தண்ணீரைத் தேடி அதன் மேல் ஓட்டி டயரைக் குளிர வைப்பதுண்டு! இரண்டுக்கும் நடுவில் 'இண்டர்மீடியட்' என்று ஒன்று உண்டு, பள்ளம் குறைவு. ஃபார்முலா 1க்கு டயர் செய்யும் பிரெல்லி கம்பெனியின் கணக்குப்படி, மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் முழு மழை டயர் ஒன்று விநாடிக்கு 85 லிட்டர் தண்ணீர் வரை வெளியேற்றும். இண்டர்மீடியட் 30 லிட்டர் வரை. எங்கள் பத்தரை லிட்டர் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும்.

எங்கள் ஊரில் படகு இறக்குவதற்கு முன் பெரியவர்கள் கரையில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். வாடையா, கொண்டலா, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டுக்கொள்வார்கள். பந்தயக்காரரும் அப்படியே நிற்கிறார். அவருக்கும் அரைகுறைச் செய்திதான் கிடைக்கிறது, முடிவு மட்டும் முழுதாகச் செய்தாக வேண்டும். பெரிய வீரர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1993 ஏப்ரல் 11இல் இங்கிலாந்தின் டோனிங்டன் தடத்தில் மழை வருவதும் நிற்பதுமாக இருந்தபோது, நான்கு முறை உலகச் சாம்பியன் பட்டம் பெற்ற அலேன் ப்ராஸ்ட் ஏழு முறை உள்ளே வந்து போனார். தேவையான நேரத்தில் மட்டும் மாற்றிக்கொண்ட அயர்டன் சென்னா வென்றார்.

டயரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மழை இல்லாமலும் பந்தயம் போகும். 2005 ஜூன் 19இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில், மிஷலின் டயர்கள் அங்கிருந்த சாய்ந்த வளைவில் தாங்கவில்லை என்று தெரிந்து, அந்த டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன்பே விலகிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் ஒன்று நம் நரேன் கார்த்திகேயனுடையது. நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவரே. பார்வையாளர்கள் கோபத்தில் கூச்சலிட்டார்களாம். ஆனால் ஓடமாட்டேன் என்று நின்ற பதினான்கு பேரைக் கோழைகள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. டயர் தாங்காது என்று தெரிந்தும் ஓட்டுவது வீரமா?

சில தடங்களில், சில வகுப்புப் பந்தயங்களில், அமெச்சூருக்குத் தேர்வே கிடையாது. செலவு கூடாமலிருக்க, எல்லாரும் ஒரே டயரில்தான் ஓட வேண்டும் என்று விதி வைத்துவிடுவார்கள். எங்களுக்கு இதுதான் மிகவும் சுவையாகப்பட்டது. ஏனென்றால் சாலையில் போகும் வண்டிகளின் நிலையும் இதுவே: வெயிலுக்கும் மழைக்கும் ஒரே டயர். அப்போது கெட்டிக்காரர் என்ன செய்கிறார்? மூன்று காரியம் செய்கிறார். காற்றைச் சரிபார்க்கிறார். காலை மென்மையாக வைக்கிறார்; பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் முட்டையின் மேல் மிதிப்பது போல மிதிக்கிறார், ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவதில்லை. மூன்றாவது, தன் வழியை மாற்றிக்கொள்கிறார். காய்ந்த நாளில் எல்லாக் கார்களும் ஒரே கோட்டில் ஓடி, அந்தக் கோட்டில் ரப்பரும் எண்ணெயும் படிந்திருக்கும். மழையில் அதுவே கண்ணாடி போல் வழுக்கும். அதனால் மழைப் பந்தயத்தில் வழக்கமான கோட்டை விட்டு விலகிச் சொரசொரப்பான பகுதியில் ஓட்டுவார்கள். முதல் தூறலின்போது நம் சாலைகள் அதிகமாக வழுக்குவதும் இந்த எண்ணெயாலும் தூசியாலும்தான். நன்றாகக் கழுவிய பிறகு சற்றுத் தேவலை.

ஒரு துயரச் செய்தியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2014 அக்டோபர் 5இல் ஜப்பானின் சுசுகா தடத்தில் மழைப் பந்தயம். ஒரு வளைவில் மேட்டிலிருந்து வடிந்த தண்ணீர் தடத்தின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கார் அங்கே வழுக்கி வெளியே போனது. அதைத் தூக்க இயந்திரம் வந்தது. மெதுவாகப் போகும்படி மஞ்சள் கொடிகள் காட்டினார்கள். அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஜூல்ஸ் பியாங்கி என்ற 25 வயது பிரெஞ்சு இளைஞரின் கார் வழுக்கி அந்த இயந்திரத்தில் மோதியது. நினைவு திரும்பாமலே 2015 ஜூலையில் அவர் இறந்தார். அவர் போதிய அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்று விசாரணைக் குழு கூறியது. சாலையின் குறுக்கே வடியும் தண்ணீர்! எங்கள் வண்டி விலகிய இடத்திலும் அதுவேதான். பியாங்கியின் படத்தைப் பார்த்த பிறகு அன்றிரவு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. விடுதி ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டோம்.

சென்னையிலும் மழை பந்தயத்தை நிறுத்தியிருக்கிறது. தீவுத்திடலைச் சுற்றி நகரச் சாலைகளில் 3.5 கி.மீ. தடம் அமைத்து 2023 டிசம்பரில் இரவுப் பந்தயம் நடத்த ஏற்பாடாயிருந்தது. மிக்ஜாம் புயல் வந்து நகரம் வெள்ளத்தில் மூழ்கவே அதைத் தள்ளிவைத்து, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் நடத்தினார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். அப்பாவின் கைக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. வண்டிக்கு டயர் வாங்க வேண்டும். நான்கு வாங்கப் பணம் இல்லை; இரண்டு வாங்கலாம். டயர் கடைக்குப் பெரியப்பாவும் நாங்களும் போனோம்.

கடைக்காரர் முதலில் ஒரு ஜோடி பழைய டயரைக் காட்டினார். பள்ளம் ஆழமாகத்தான் இருந்தது, விலையும் பாதி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும்; முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. இதை நாங்கள் படித்திருந்தோம். குனிந்து பார்த்தால் அந்த டயர் ஒன்பது வருடப் பழையது! நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, ரப்பர் மரக்கட்டை போல் இறுகியிருந்தது. வாய்க்கால் இருந்து என்ன, பிடிக்கிற ரப்பர் செத்துவிட்டதே. பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னோம். "புள்ளைக என்னமோ சொல்லுதுக, புதுசே குடுங்க" என்றார்கள்.

அடுத்த பிரச்சினை, அந்த இரண்டு புது டயரை எங்கே மாட்டுவது? "முன்னாலதான். ஸ்டியரிங் முன்னாலதானே இருக்கு?" என்றார் கடைக்காரர். பெரியப்பாவும் தலையசைத்தார்கள். நாங்கள் படித்ததோ வேறு. முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராக ஓடும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்புத் திரும்பும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியின் வால் சுழன்று முன்னே வந்துவிடும். தேர்ந்த பந்தயக்காரரே அதை மீட்பது அரிது. ஆகவே இரண்டு நல்ல டயர் மட்டும் இருந்தால் அவை பின்னால் போக வேண்டும் என்பதே டயர் கம்பெனிகள் சொல்லும் முறை. இதைச் சொன்னபோது கடைக்காரர் சிரித்தார். "அண்ணாச்சி, கான்வென்டுல இப்ப இதெல்லாமா சொல்லித் தர்றாங்க?" என்று பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா அப்பாவுக்குப் போன் போட்டார்கள். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு எனக்கு வாலுதான் மொதல்ல போச்சு. பின்னாலயே மாட்டச் சொல்லுங்க" என்றார்கள்.

மாட்டும்போது இன்னொன்றும் கவனித்தோம். சிலவகை டயர்களில் பள்ளங்கள் அம்பு முனை போல ஒரே திசையில் இருக்கும். சுழல வேண்டிய திசையைக் காட்ட பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். மாற்றி மாட்டினால் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் நடுவுக்கு வந்து சேரும். நாங்கள் வாங்கியதில் அம்புக்குறி இல்லை. எப்படியும் மாட்டலாம் என்ற வகை. சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பழைய டயரின் பள்ளத்தை அளப்பதற்குக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் நிறுத்தி, விளிம்பு தொடும் இடத்தை நகத்தால் கீறி, ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் போதும். நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி கார், லாரி போன்றவற்றுக்குக் குறைந்தது 1.6 மி.மீ. பள்ளம் இருக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கு 0.8 மி.மீ. பள்ளத்துக்குள் ஆங்காங்கே குறுக்கே சிறிய ரப்பர் மேடு தெரியும். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் ஆயுள் முடிந்தது என்று கொள்ள வேண்டும். இதைப் படிக்கும் பெற்றோர் தங்கள் ஸ்கூட்டரிலும், நம் மாணவிகள் தாங்கள் வரும் ஆட்டோவிலும் வேனிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஆட்டோ அண்ணன்கள் முதலில் முறைப்பார்கள், பிறகு அவர்களே குனிந்து பார்ப்பார்கள்.

எங்கள் வண்டியில் மிகத் தேய்ந்திருந்த இரண்டையும் கழற்றிவிட்டார்கள். மிஞ்சிய சுமாரான இரண்டு முன்னால் இருக்கின்றன. பொங்கலன்று தீக்குச்சி வைத்து அளந்தோம். ஒன்றில் 3 மி.மீ., மற்றதில் இரண்டரை. அவற்றை எப்போது மாற்றுவது என்று அம்மா கேட்டதற்கு, தடைக்காலம் முடிந்து இரண்டு நடை போனதும் மாற்றலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்கள். அது வரையில் மழை பிடித்தால், தாழ்வான இடம் வருவதற்கு முன் இருக்கும் டீக்கடையில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, தண்ணீர் வடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். ஐஸ் உருகுகிறது என்று ஏற்றுமதிக்காரர் போனில் சத்தம் போடுகிறாராம். போடட்டும் என்று அம்மா சொல்கிறார்கள்.